மீட்டர் பூச்சியம் காட்டினால் நீர் தூயதா?

எட்டாம் வகுப்பில் நீர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைக் கொண்டு வந்தாள். அவளுடைய அப்பா ஆர்.ஓ. இயந்திரம் பழுது பார்ப்பவர். ஆய்வகத்தில் புதிதாகத் திறந்த வாலை வடிநீரில் அதை வைத்ததும் 0 காட்டியது. “டீச்சர், அப்படின்னா இதுல தண்ணியைத் தவிர வேற எதுவுமே இல்லையா?” என்று கேட்டாள். “ஆமாம்” என்று சொல்லிவிட்டேன். அன்று மாலையே அந்தப் பதில் உறுத்தத் தொடங்கியது.

அந்த மீட்டர் கரைந்த பொருள்களை எடை போடுவதில்லை. இரண்டு மின்முனைகளுக்கு இடையே நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணால் பெருக்கி பி.பி.எம். ஆகக் காட்டுகிறது. 1 பி.பி.எம்.முக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. மைக்ரோசிப் தயாரிக்கும் தொழிற்சாலைகளின் வேலையே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அங்கே நீரின் மின்தடை எண்ணை அளக்கிறார்கள். 25 டிகிரி செல்சியசில் 18.2 மெகாஓம் செ.மீ. என்பதே உச்சம். எவ்வளவு சுத்திகரித்தாலும் அதைத் தாண்ட முடியாது. காரணம் நீரேதான். ஏறக்குறைய 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று தானாகவே அயனிகளாகப் பிரிந்து நிற்கிறது. அதனால் மிகத் தூய நீருக்கும் செ.மீ.க்கு 0.055 மைக்ரோசீமென்ஸ் கடத்துதிறன் உண்டு. தூய நீர் மின்சாரத்தைக் கடத்தாது என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மிக மிகக் குறைவாகக் கடத்தும் என்பதே சரி.

ஜெர்மனியில் கோல்ராஷும் ஹைட்வைலரும் 1894-இல் நீரை வெற்றிடத்தில் வடித்து அளந்தார்கள். 18 டிகிரியில் அவர்களுக்குக் கிடைத்த மதிப்பு 0.043. இன்று நாம் அறிந்த மதிப்புக்கு வியப்பூட்டும் அளவு நெருக்கம்!

வெற்றிடம் எதற்கு? காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. முகவையில் திறந்து வைத்த தூய நீரின் கடத்துதிறன் 1 மைக்ரோசீமென்ஸ் வரை, அதாவது சுமார் 18 மடங்கு ஏறிவிடும். எனவே உயர்தூய நீரை முகவையில் பிடித்து அளப்பதில் பயனில்லை. குழாயில் ஓடும்போதே, காற்றுப் படாமல், உள்ளே பொருத்திய உணரியால் அளக்க வேண்டும். வெப்பநிலை 1 டிகிரி மாறினால் அளவீடு சுமார் 5 சதவீதம் மாறும் என்பதால் அதையும் சேர்த்தே அளக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகும் 18.2 முழுச் சான்று ஆகாது. அயனியாகாத கரிமப் பொருள்களும் பாக்டீரியாக்களும் மின்முனைகளுக்குத் தெரியாது. கரிமப் பொருளைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது: புறஊதாக் கதிரால் அதைச் சிதைத்து கார்பன் டைஆக்சைடாக்கி, கடத்துதிறன் எவ்வளவு உயர்கிறது என்று பார்க்கிறார்கள். தொல்லை கொடுத்த வாயுவே இங்கே துப்பு கொடுக்கிறது.

மறுநாள் வகுப்பில், “நேற்று நான் சொன்னது தவறு” என்று சொல்லிவிட்டு 200 மி.லி. வடிநீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்தேன். ஏறத்தாழ 25,000 பி.பி.எம். இருக்க வேண்டும். மீட்டரில் ஏறியதோ சில எண்கள்தான். வகுப்பே சிரித்தது. பிறகு வேறொரு முகவை வடிநீரில் அந்த மாணவியையே உறிஞ்சுகுழல் வழியாக மூச்சை ஊதச் சொன்னேன். எதையும் போடாமலே எண் 0-இலிருந்து மெல்ல ஏறியது.

நீங்கள் செய்து பார்த்தால் புதிய பாட்டிலைத் திறந்து பயன்படுத்துங்கள். பழையது தொடக்கத்திலேயே 0 காட்டாமல் போகலாம். குழந்தைகள் ஊத மட்டுமே வேண்டும், உறிஞ்சக் கூடாது.