தேம்ஸ் மீண்டும் மூச்சுவிட்டது எப்படி?

லண்டனுக்குள் ஓடும் தேம்ஸ், உயிர்கள் வாழ முடியாத ஆறாகிவிட்டது என்று 1957இல் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அறிவித்தது. இத்தனைக்கும் சாக்கடைக்காக நூறு ஆண்டுகளுக்கு முன்பே பணத்தைக் கொட்டிய நகரம் அது.

1858 கோடையில் ஆற்றின் நாற்றம் பொறுக்காமல், நாடாளுமன்றத் திரைச்சீலைகளைக் கிருமிநாசினியில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதன்பிறகுதான் பொறியாளர் ஜோசப் பசல்ஜெட்டின் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்த கழிவுநீரைச் செங்கல் கால்வாய்களில் மறித்து, நகருக்குக் கிழக்கே பெக்டன், கிராஸ்னஸ் என்ற இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோனார். காலரா ஒழிந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் கழிவு இடம் மாறியதே தவிர, சுத்தமாகவில்லை. கடல் வற்றும் நேரம் பார்த்து அப்படியே ஆற்றில் திறந்துவிட்டார்கள். 1878இல் பிரின்சஸ் ஆலிஸ் என்ற பயணிகள் கப்பல் அந்தப் பக்கத்தில் மூழ்கி அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் விழுந்தது சாக்கடைத் தண்ணீரில். அதற்குப் பிறகு ரசாயனம் கலந்து திடக்கழிவைப் படியவைத்து, கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டத் தொடங்கினார்கள். கரைந்திருந்த கழிவு மட்டும் ஆற்றிலேயே தங்கியது.

ஆற்றைக் கொல்வது அந்தக் கரைந்த கழிவுதான். மனிதக் கழிவும் சமையலறைக் கழிவும் பாக்டீரியாவுக்கு உணவு. அதைத் தின்னும்போது அவை தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. நல்ல ஆற்றுநீரில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தாலே அதிகம். சுத்திகரிக்காத கழிவுநீர் ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கேட்கும். அதாவது ஒரு லிட்டர் சாக்கடை, இருபது லிட்டர் ஆற்றுநீரின் மூச்சைக் குடித்துவிடும். மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் விஷத்தால் அல்ல, மூச்சுத் திணறலால்.

இதற்கு வழி பிறந்தது லண்டனில் அல்ல, மான்செஸ்டரில். எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் பாட்டிலில் கழிவுநீரை ஊற்றிக் காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தார்கள். முதல்முறை அது முழுதாகத் தெளிய ஐந்து வாரங்கள் ஆயின. மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய பழுப்புக் கசடின்மேல் புதிய கழிவுநீரை ஊற்றினார்கள். சுற்றுக்குச் சுற்று நேரம் குறைந்து, கடைசியில் ஒரே நாளில் வேலை முடிந்தது. அதுவரை குப்பையென்று கொட்டிய கசடில்தான் வேலைக்காரப் பாக்டீரியாக்கள் கூட்டமாக இருந்தன. 1914இல் இதை வெளியிட்டார்கள். அவர்களுக்கு யோசனை தந்த கில்பர்ட் ஃபவுலர், 1916இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இன்றைய சுத்திகரிப்பு நிலையங்களில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவைதான். கம்பிச் சல்லடையில் துணியும் பிளாஸ்டிக்கும் தங்கும். மணல் தனியே படியும். பிறகு காற்றூட்டுத் தொட்டி: அடியிலிருந்து காற்றுக் குமிழ்கள் கொப்பளிக்க, பழுப்புத் துணுக்குகள் சுழன்றுகொண்டே கழிவைத் தின்னும். ஆற்றில் நாள்கணக்கில் நடக்க வேண்டியது இங்கே சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த தொட்டியில் கசடு படிய, அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவார்கள். காற்று ஊதும் இயந்திரங்களுக்கே மின்சாரம் அதிகம் செலவாகும். சிக்கனம் என்று அவற்றை நிறுத்தினால் பாக்டீரியாக்கள் சாகும், தொட்டி வெறும் சாக்கடைக் குளமாகிவிடும். நிலையத்தைக் கட்டுவதைவிட, அன்றாடம் ஓட்டுவதே கடினமான வேலை.

லண்டன் அந்த வேலையைச் செய்தது. 1960களில் கிராஸ்னஸும் 1970களில் பெக்டனும் புதுப்பிக்கப்பட்டன. 1974இல் தேம்ஸில் ஒரு சால்மன் மீன் கிடைத்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே காணாமல்போயிருந்த மீன் அது.

பசல்ஜெட் விட்டுச்சென்ற சிக்கல் ஒன்று மிச்சமிருந்தது. அவரது கால்வாய்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாகவே ஓடுகின்றன. பெருமழை பெய்தால் இரண்டும் சேர்ந்து ஆற்றுக்குள் வழியும். அதைத் தடுக்க, ஆற்றுக்கு அடியில் 25 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கக் கால்வாய் தோண்டினார்கள். 2025இல் அதன் இணைப்புகள் முழுமையடைந்தன. அங்கே தேங்கும் நீரும் பெக்டனுக்கே போய், காற்றூட்டுத் தொட்டிகளைக் கடந்துதான் ஆற்றில் சேர்கிறது.