பஞ்சிகாவத்தையில் இலக்கணம்

என் தந்தையார் கொட்டாஞ்சேனையில் லொறி வைத்திருந்தார். ஒரேயொரு லொறி, பெட்போர்ட் வகையைச் சேர்ந்தது. துறைமுகத்தில் இறங்கும் அரிசி மூடைகளையும் பருப்பு மூடைகளையும் புறக்கோட்டைக் கடைகளுக்கு ஏற்றிச் செல்வதும், பாதை திறந்திருந்த காலங்களில் யாழ்ப்பாணம் சென்று வெங்காயமும் புகையிலையும் கொண்டுவருவதுமே அதன் தொழில். நான் இலக்கணமும் இலக்கியமும் கற்றுப் பண்டிதனானது அந்த லொறியின் முதுகில் ஏறியே என்று சொன்னால் மிகையன்று. தந்தையார் காலமானபின் தம்பி அதனை ஓட்டினான். 2022ஆம் ஆண்டில் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்று சலித்தவன், ஒரு வளவில் அதனைக் கொண்டுபோய் நிறுத்தினான். அப்பால் அது எழவேயில்லை. 2024ஆம் ஆண்டில் வளவுக்காரர் தம் இடத்தைக் கேட்டார். தம்பி வெள்ளவத்தைக்கு வந்து, “அண்ணை, இனி உது ஓடாது. உடைக்கக் குடுப்பம்” என்றான். பதிவுப் புத்தகம் தந்தையார் பெயரிலேயே இருந்தமையால் அம்மாவின் கையொப்பமும் என் கையொப்பமும் வேண்டியிருந்தன.

இவ்வாறுதான் நான் பஞ்சிகாவத்தைக்குச் சென்றேன். மருதானையை அடுத்த அந்தத் தெருவை எத்தனையோ முறை பஸ்ஸிற் கடந்திருக்கின்றேன், ஒருநாளேனும் இறங்கியதில்லை. சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ கொழும்புக்குப் பஞ்சிகாவத்தை அப்படி. ஒரு கடையில் முகப்பு விளக்குகள் மட்டும். அடுத்த கடையில் கியர்ப்பெட்டிகள் மட்டும். அதற்கப்பால் ரேடியேற்றர்கள் சுவரோடு சுவராக அடுக்கப்பட்டுள்ளன. வேலை தெரிந்த மூத்தவரை அங்கே ‘பாஸ்’ என்கின்றனர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. அவர்தம் ஆட்சி போயும் சொல் போகவில்லை. களவுபோன வாகனத்தைப் பஞ்சிகாவத்தையிற் சென்று துண்டுதுண்டாகத் திரும்ப வாங்கலாம் என்றொரு பகிடி கொழும்பில் உண்டு. அங்கே நேர்மையாகத் தொழில் செய்வோர் அதனைக் கேட்டு மனம் நோவர். நான் கண்ட கடைக்காரர் அத்தகைய நேர்மையாளர்களுள் ஒருவர். அவரை நானா என்று தம்பி விளித்தான்; அவர் என்னை மாஸ்டர் என்றார்.

கடைப் பலகைகளில் ‘உதிரிப்பாகங்கள்’ என்று எழுதியிருந்தமை என் கண்ணை உறுத்திற்று. உதிரி என்பது காம்பிலிருந்து கழன்று விழுந்ததைக் குறிக்கும் சொல். பண்டைத் தமிழரிடம் இதனினும் நல்ல சொல் ஒன்று இருந்தது. உப்பு வணிகராகிய உமணர், வழியில் அச்சு முறியுமோ என அஞ்சித் தம் வண்டியின் கீழே வேறோர் அச்சைக் கட்டிக்கொண்டு சென்றனர் என்பது புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்றால் அறியக்கிடக்கின்றது. அதற்குப் பெயர் சேமவச்சு. சேமம் என்றது காவலை. விழுந்ததென்று பார்ப்பது ஒன்று. காப்பதென்று பார்ப்பது மற்றொன்று. இதனை நானாவிடம் சொன்னேன். “நல்ல பேர்தான் மாஸ்டர், போர்டு மாத்துற செலவு யாரு தாறது?” என்றார்.

பின்னர் அவர் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். “முழுசாத் தந்தா கிலோக் கணக்கு. கழட்டித் தந்தா சாமான் கணக்கு. எது வேணும்?”

முழுதாகத் தராசில் ஏற்றினால் லொறி வெறும் இரும்பு. கழற்றினாலோ ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விலை. பழைய ரேடியேற்றர் செம்பும் பித்தளையும் சேர்ந்தது. பற்றரிக்குள் இருப்பது ஈயம்; பிஸ்டன்கள் அலுமினியம்; எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு. பாரந்தாங்கும் வில்லுத்தகடுகள் உயர்ந்த உருக்கு. கத்தியும் கோடரியும் அடிக்கும் கொல்லர் அவற்றை விரும்பி வாங்குவர். டீசலைச் சீறியடிக்கும் பம்பி நல்ல நிலையில் இருந்தால் எடையை எவரும் கேளார். ஆயினும் கழற்றக் கூலி வேண்டும். கழற்றியதை வைக்க இடம் வேண்டும். வாங்க ஆள் வரும்வரை பொறுமையும் வேண்டும்.

எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. முழுப்பொருளை முதல் என்றும் அதன் உறுப்பைச் சினை என்றும் இலக்கணநூலார் வழங்குவர். மரம் முதல், கிளை சினை. அக்கிளையே தளிரை நோக்க முதலாகிவிடும். ஆகையால் முதல் இது, சினை இது என்னும் வேறுபாடு பொருளில் இல்லை, சொல்லுவான் குறிப்பிலேயே உள்ளது என்பது வேற்றுமை மயங்கியலிற் காணப்படும் கருத்து. இதனை முப்பது வருடங்களாக மரத்தையும் யானையையும் காட்டியே கற்பித்து வந்தேன். லொறியைக் காட்டியிருந்தால் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கியிருக்கும்.

கழற்றியே விற்பதென முடிவாயிற்று. அம்மாவிடம் சொல்லச் சென்றோம். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அந்த லொறியை எரித்தார்கள். எனக்கு அப்பொழுது வயது பதின்மூன்று. அயலிலிருந்த சிங்களக் குடும்பமொன்று எங்களை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தியது. வெளியே வந்து பார்த்தபொழுது மரத்தாற் செய்த பின்னுடல் சாம்பலாகியிருந்தது; ரயர்கள் உருகித் தாரோடு ஒட்டியிருந்தன; அடிச்சட்டமும் அச்சுக்களும் எஞ்சினும் கருகிய முகப்பும் நின்றன. பழைய இரும்பு வாங்குவோர் ஒருவர் வந்து அன்றைக்கே கிலோ விலை பேசினார். தந்தையார் கொடுக்கவில்லை. பாஸ் ஒருவரை அழைத்துவந்தார். அவர் அடிச்சட்டத்தில் மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்து, திருகல் இல்லை என்றார். தீயிற் பட்ட வில்லுத்தகடுகளில் உரம் போய்விடும். பாரம் ஏற்றினால் வளைந்தது நிமிராது. ஆகவே அவை யாவும் மாற்றவேண்டும் என்றார். எஞ்சினும் உதவாது என்றார். வேறொரு பெட்போர்ட் லொறியை உடைத்த இடத்தில் எஞ்சின் கிடைத்தது. அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று. எட்டு மாதங்களின் பின் லொறி மீண்டும் தெருவுக்கு வந்தது.

அதன் பின்னர் நாற்பது வருடத்தில் கியர்ப்பெட்டி மாறிற்று, முகப்பு மாறிற்று, பின்னுடலைத் தச்சர் இருமுறை புதிதாகக் கட்டினர். வாங்கிய நாளில் இருந்தவற்றுள் எஞ்சியவை அடிச்சட்டமும், முன்னச்சும், ‘ஸ்ரீ’ எழுத்துப் பொறித்த இலக்கத் தகடுமே. (அந்த எழுத்து 1957ஆம் ஆண்டில் தகடுகளிற் புகுந்ததும், அதனை எதிர்த்துத் தமிழர் இயக்கம் நடத்தியதும் வாசகர் அறிந்தவை. தந்தையார் அந்தத் தகட்டை வெறுத்தார். ஆயினும் கிழமைதோறும் துடைத்தார்.)

நானாவோடு பேசி முடித்த ஐந்தாம் நாள் வேறொருவர் தம்பியைத் தேடி வந்தார். கடைக்காரரல்லர், தரகர். “லொறியை நீங்களே வச்சுக்கொள்ளுங்க. புத்தகமும் நம்பர்த் துண்டும் மட்டும் தாங்க” என்றார். அவர் சொன்ன தொகை, லொறி முழுவதையும் கழற்றி விற்றாற் கிடைப்பதிலும் இருமடங்கு.

இது எப்படி ஆகும் என எண்ணுவோர் அக்காலநிலையை நோக்கவேண்டும். அந்நியச் செலாவணி போதாமையால் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அது மீளத் திறக்கப்பட்டது 2025ஆம் ஆண்டில். இடைப்பட்ட வருடங்களில் ஓடுகின்ற எந்தப் பழைய வண்டியும் பொன்னாயிற்று. ஓடாத வண்டியின் கடதாசியோ அதனினும் மேலாயிற்று. சட்டத்தின் கண்ணில் ஒரு லொறியின் உயிர் அடிச்சட்டத்தில் அடித்துப் பொறித்த இலக்கத்தில் இருக்கின்றது. அந்த இலக்கமுள்ள இரும்புத் துண்டை வெட்டியெடுத்து, ஆவணமில்லாத வேறோர் அடிச்சட்டத்தில் ஒட்டிவிட்டால் அந்த வேறு லொறிக்குப் பெயரும் ஊரும் வந்துவிடும். அந்த லொறி எங்கிருந்து வந்தது என்பதைத் தரகர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேளாமலே விளங்கியது.

தம்பிக்குக் கடன் இருந்தது. டீசல் இல்லாத வருடம் அவனை அவ்வாறு ஆக்கிவிட்டது. மாதச் சம்பளக்காரனாகிய எனக்கு ஒழுக்கம் பேசுவது எளிது என்பதை நான் அறிவேன். அவன் கேட்ட கேள்வியும் எளிதில் தள்ளக்கூடியதன்று. “அப்பாவும் எரிஞ்ச லொறிக்கு வேறை லொறியின்ரை எஞ்சின் போட்டவர்தானே? அது சரியெண்டால் இது என்ன பிழை?”

அன்றிரவு நான் உறங்கவில்லை. முதலும் சினையும் சொல்லுவான் குறிப்பைப் பொறுத்தவை என்று கற்பித்தவன், இலக்கந்தான் முதல் என்று ஒருவன் குறித்தால் எதைக் கொண்டு மறுப்பேன்? விடியற்காலையிற் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். 1984ஆம் ஆண்டில் எஞ்சின் மாற்றியதைத் தந்தையார் முறைப்படி அறிவித்திருந்தார். பழைய எஞ்சின் இலக்கம் கோடிட்டு வெட்டப்பட்டு, புதியது எழுதப்பட்டிருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதுவித்த புத்தகம் அது. வேறு உறுப்புக்களைச் சேர்த்துத் தம் லொறியை அவர் காத்தார். அதனைச் சேமம் என்னலாம். பெயரை உரித்தெடுத்து வேறொன்றுக்குப் போர்த்துவதற்கு எந்த இலக்கணத்திலும் எனக்கு இடங்கிடைக்கவில்லை. தம்பியிடம் புத்தகத்தைக் காட்டினேன். அவன் நீண்டநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஒத்துக்கொண்டானல்லன். முடிவை அம்மாவே சொன்னார்: “அவரின்ரை பேரிலை ஆற்றையோ களவு லொறி ஓடவேண்டாம்.”

மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவை நீக்க விண்ணப்பித்துவிட்டு, உடைக்கும் நாளில் நானும் சென்றேன். முதலில் எண்ணெய்களை வடித்தனர். பற்றரியைத் தனியே வைத்தனர். டீசல் தாங்கியை வெட்டுமுன் அதனுள் நீர் நிரப்பினர். வெறுந் தாங்கியில் தங்கிய ஆவியிற் பொறிபட்டால் அது வெடிக்கும். நிறைந்த தாங்கியினும் வெறுந் தாங்கிக்கு அஞ்சவேண்டும் என்பது எனக்குப் புதிய பாடம். வடித்த எண்ணெயின் ஒருபகுதி தரையில் ஊறிக் கானுக்குள் இறங்கியதையும், பழைய பிரேக் பட்டைகளைச் சிறுவர் வெறுங்கையால் தட்டித் தூசு பறக்கவிட்டதையும் கண்டேன். அக்காலத்துப் பிரேக் பட்டைகளில் கல்நார் உண்டு. அதன் தூசு நுரையீரலைக் கெடுப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் ஆயுள் முடிந்த வாகனங்களுக்கென ஒரு சட்டம் இயற்றிற்று. அதுவும் கார்களையும் சிறு வான்களையுமே கருதிற்று, பெருலொறிகளை விட்டுவிட்டது. யப்பானில் 2005 முதல் வாகன மீள்சுழற்சிச் சட்டம் நடைமுறையில் உள்ளது. இந்தியா 2021இல் தன் கொள்கையை வெளியிட்டது. நம் வளவில் இருந்தவை ஒரு நீர்வாளியும் ஒரு பழஞ் சாக்குமே.

வாயுச் சுடரால் அடிச்சட்டத்தை வெட்ட வந்த இளைஞன் என்னைக் கண்டதும் கைகட்டி நின்றான். ஒன்பதாந் தரத்தில் என்னிடம் படித்துப் பாதியில் நின்றவன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி இல்லை. கடைக்காரரிடம் சினந்து பேசி, கண்ணாடி வரும்வரை வேலையை நிறுத்துவித்தேன். அரைமணி நேரத்தில் வந்தது. “மறுகா நாளைக்கு இதைப் போடுவியா?” என்று கேட்டேன். “போடுறன் சேர்” என்றான். வகுப்பில் வீட்டுவேலை செய்துவருவதாகச் சொன்ன அதே குரல்.

இலக்கம் பொறித்த இடத்தை அவனுக்குக் காட்டி, அதனை நடுவே குறுக்காக வெட்டச் சொன்னேன். ஏனென்று கேளாமல் வெட்டினான். இலக்கங்கள் செந்நிறமாகி, வெண்ணிறமாகி, ஒழுகின. தம்பி அப்பால் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எஞ்சினை நெல்லாலைக்காரர் ஒருவர் வாங்கிச் சென்றார். வில்லுத்தகடுகள் கொல்லரிடம் போயின. அடிச்சட்டம் ஆறு துண்டுகளாகத் தராசில் ஏறிற்று. உலையில் உருகிக் கட்டடக் கம்பியாகும் என்றனர். என் பங்குப் பணத்தையும் தம்பியிடமே கொடுத்தேன். எண்ணாமல் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான்.

மறுவருடம் இறக்குமதி திறந்த செய்தி பத்திரிகையில் வந்த அன்று தொலைபேசியில் அழைத்தான். “அண்ணை, இப்ப அந்தப் புத்தகத்துக்கு அந்த விலை வராது” என்றான். ஆறுதலாகச் சொன்னானோ, குறையாகச் சொன்னானோ, குறிப்பு எனக்கு விளங்கவில்லை.