அட்டவணையும் சாய்கோடும்

குடிசன மதிப்பு அட்டவணையைக் காண்போர் பலர் ஒரு தொகையிலிருந்து மற்றொன்றைக் கழித்து, வளர்ச்சி கூடியது அல்லது குறைந்தது என உடனே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். யாழ்ப்பாண மாவட்டத்தின் கணக்கை நோக்குவோம். அங்கே 1953இல் ஏறத்தாழ 4,92,000 பேரும், 1963இல் 6,13,000 பேரும், 1971இல் 7,02,000 பேரும் வாழ்ந்தனர். முதல் இடைவெளியில் கூடியோர் 1,21,000; அடுத்ததில் 89,000. வளர்ச்சி கால்பங்கு வீழ்ந்துவிட்டதாகவே தோன்றும். ஆயின் முன்னையது பத்து ஆண்டு, பின்னையது எட்டு ஆண்டு. ஆண்டுகளால் வகுத்தால் 12,100, 11,100 என வரும். ஆண்டுக்கு ஆயிரம் பேரே வேறுபாடு.

இருந்த தொகையோடு ஒப்பிடுவது வேறொரு கேள்வி. இடைவெளியின் தொடக்கத்தில் இருந்த நூறு பேருக்கு, ஆண்டுதோறும் முன்னர் ஏறத்தாழ 2.5 பேரும் பின்னர் 1.8 பேரும் கூடினர். பள்ளிக்கூடத்தில் எத்தனை வாங்கு புதிதாக வேண்டும் என்று கேட்பவருக்கு முதற்கணக்கே பயன்படும். குடித்தொகையின் போக்கை ஆராய்பவருக்கு இரண்டாவது.

வரைபில் கோட்டின் சாய்வே மாற்ற வீதம். ஆண்டுகளைச் சம அளவில் குறித்தால் கண்ணே வகுத்துக்கொள்ளும். எனினும் கோடு சொல்லாததும் உண்டு. 1981இல் மாவட்டத்தில் ஏறத்தாழ 8,31,000 பேர் இருந்தனர். 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தமையால், இரண்டையும் சேர்த்தே பின்னைய தொகையை ஒப்பிடல் தகும். 2012இல் அது ஏறத்தாழ 6,97,000. இரு புள்ளிகளையும் கோடிட்டு இணைத்தால் ஆண்டுக்கு 4,300 பேர் வீதம் மெல்லக் குறைந்ததாகக் காட்டும், வற்றும் குளம்போல.

அவ்வாறு அமைதியாகக் குறைந்த காலமா அது? 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். அடுத்த ஆண்டில் பலர் மீண்டனர். 2009 தொடக்கத்தில் கிளிநொச்சி நகர் ஆளின்றிக் கிடந்தது. செங்குத்தான இவ்வீழ்ச்சிகளும் ஏற்றங்களும் அச்சாய்கோட்டில் இல்லை. 1991இல் குடிசன மதிப்பு நடைபெறவில்லை. 2001இல் வடக்கில் முழுமையாக நடைபெறவில்லை. ஆகவே கவனமுடைய வரைவாளர் அம்முப்பத்தோர் ஆண்டுகளுக்குத் தொடர்கோடு இடுவதில்லை. புள்ளிக்கோடிட்டு, அதன் கீழே காரணத்தையும் எழுதிவைப்பர்.