மலைச்சரிவில் வெந்நீர்த் தொட்டி: காற்றடைத்ததா, கெட்டியானதா?

போடிமெட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிவிட்டால் அடிவாரத்துச் சிலமலைப் பக்கத்து வெக்கை மறந்துபோகும். ஏலத்தோட்டத்து ஓரம் ஹோம் ஸ்டே நடத்துகிற ஒருவருக்கு, விருந்தினர் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து மலையைப் பார்க்க ஒரு ‘ஹாட் டப்’ வைக்கலாமே என்று தோன்றினால் அதில் ஆச்சரியமில்லை. வாங்கப் போகிறவர் முதலில் விலையைத்தான் கேட்பார். காற்றடித்து உப்பவைக்கும் தொட்டி மலிவு. அக்ரிலிக்கில் வார்த்த கெட்டித் தொட்டி அதைப்போலப் பல மடங்கு. ஆனால் விலையை வைத்து முடிவெடுப்பது தப்புக்கணக்கு. வருஷத்தில் எத்தனை நாள் அந்தத் தண்ணீர் சூடாக இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

நாலு பேர் உட்காரும் தொட்டி சுமார் 1,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 38 டிகிரிக்கு ஏற்ற, வீணாகும் சூட்டைச் சேர்க்காமலே 21 யூனிட் மின்சாரம் வேண்டும். 2 கிலோவாட் ஹீட்டருக்குப் பத்தரை மணி நேர வேலை. ஐந்தே தடவையில் 100 யூனிட்டுக்கு மேல் குடித்துவிடும். இந்தச் செலவு இரண்டுக்கும் பொது. வித்தியாசம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. கெட்டித் தொட்டியின் ஓட்டுக்கு அடியில் ஃபோம் இருக்கிறது, மேலே தடித்த மூடி. காற்றுத் தொட்டிக்கு மெல்லிய அடித்தளம், மெல்லிய மூடி. குமிழி எழுப்பும் அதன் ஊதியோ வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றையே தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் கதவைத் திறந்துபோட்டு விறகை எரித்தால் என்ன ஆகும் என்று தோட்டக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காற்றும் சூட்டைக் கடத்தாதே என்று கேட்கலாம். அசையாத காற்றுக்குத்தான் அது பொருந்தும். ஃபோமில் காற்று பொடிப்பொடி அறைகளில் சிக்கிக் கிடக்கிறது. காற்றுத் தொட்டியின் அகலமான பிவிசி சுவருக்குள் அது சுழன்று, உள்பக்கச் சூட்டை வெளிப்பக்கம் கொண்டுபோய்விடுகிறது. இரவுக் குளிரில் உள்ளே அழுத்தம் குறைந்து சுவரும் தொய்யும். குத்திக் கிழிக்க முள்ளும் குரங்கும் வேறு.

ஆனால் மார்கழி, தை வார இறுதிகளுக்கு மட்டும் என்றால் வாதம் தலைகீழாகிறது. பத்துப் பதினைந்து நாள் உபயோகத்துக்காகக் கெட்டித் தொட்டியை மலையேற்றுவது வீண். காற்றுத் தொட்டியை மழைக்காலத்தில் சுருட்டி உள்ளே வைத்துவிடலாம். வாரம் முழுக்கச் சூடாக வைத்திருக்கும் விடுதிக்கோ காற்றுத் தொட்டி கட்டுப்படியாகாது. கீழே சிலமலையில் வீட்டுக்கு வாங்குவதாக இருந்தால், இரண்டுமே வேண்டாம் என்பேன். ஆண்டின் பெரும்பகுதி அங்கே குளிர்ந்த தண்ணீரைத்தான் உடம்பு கேட்கும்.

காற்றுத் தொட்டி லேசானது, எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்ற பேச்சை மட்டும் நம்பக்கூடாது. லேசு, காலியாக இருக்கும்வரைதான். 1,000 லிட்டர் என்றால் ஒரு டன்; நாலு பேர் இறங்கினால் இன்னும் கால் டன் கூடும். சரிவின் விளிம்பில், மண் நிரவிய தரையில் அந்தப் பாரம் உட்கார்ந்தால் மழையில் மண் இளகும்போது எந்தத் தொட்டியானாலும் ஆபத்துதான். ஆகவே கெட்டியான, மட்டமான கான்கிரீட் தளம் இரண்டுக்குமே வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமி வளரும் என்பதால் குளோரினும் இரண்டுக்குமே வேண்டும். குளோரின் கலந்த அந்தத் தண்ணீரை ஓடைப் பக்கம் திறந்துவிடாமல் இருக்க, வடிகால் எந்தப் பக்கம் என்பதைத் தளம் போடும்போதே கொத்தனாரிடம் சொல்லிவிட வேண்டும்.