ஒருமுறை ஓடிய வண்டி... ஆறாத தடம்!

குழித்தட்டில் நாற்று விடும் விவசாயிகளுக்கு 'கோகோ பீட்' தெரியும். குளிர்நாடுகளில் நாற்றுக்குப் பயன்படும் 'பீட்' மண்ணுக்கு மாற்றாக வந்ததால்தான் தென்னை நார்க்கழிவுக்கு அந்தப் பெயர்.

சதுப்பில் மடிந்த பாசியும் புல்லும், காற்றுப்படாமல் நீரில் கிடந்து, முழுதும் மட்காமல் சேர்வதே பீட் மண். ஒரு மீட்டர் ஆழம் சேர ஏறக்குறைய 1,000 ஆண்டுகள் ஆகும். உலக நிலப்பரப்பில் இது 3 சதவீதம்தான். ஆனால், மண்ணில் உள்ள கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதில் உள்ளது. நம் நீலகிரிப் பள்ளத்தாக்குகளிலும் பீட் படிவுகள் உண்டு.

அமுங்கினால் என்ன ஆகும்?

பீட் மண்ணின் எடையில் பெரும்பகுதி நீர்தான். கனமான வண்டி ஏறினால் பஞ்சுபோல அமுங்கி, மண்ணின் துளைகள் மூடிக்கொள்ளும். சரிவான இடத்தில் தடமே வாய்க்காலாகி நீரை வடித்துவிடும். காய்ந்த பீட் மட்கி கரியமில வாயுவை வெளியிடும். சமதளத்தில் தடத்தில் நீர் தேங்கி மீத்தேன் கூடும்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், எண்ணெய் வளம் தேடும் நில அதிர்வு ஆய்வுக்காக, காட்டுச் சதுப்புகளின் குறுக்கே நேர்கோட்டுப் பாதைகள் வெட்டப்பட்டன. பல பத்தாண்டுகள் கழிந்தும் பல பாதைகளில் மரம் வளரவில்லை. மரக்கன்று வேர்பிடிக்க உதவும் சிறு மேடுகள் வண்டி ஓட்டத்தில் நசுங்கியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இப்போது இயந்திரம் வைத்து மண்ணைத் தோண்டி மீண்டும் மேடு அமைத்து, கன்று நடுகிறார்கள். ஒரு நாள் ஓட்டத்துக்கு இத்தனை செலவு!

நம் வயலில்...

நம் நெல் வயல் பீட் மண் அல்ல. ஆனால், ஈரக் களிமண்ணும் பாரம் தாங்காது. அறுவடை இயந்திரம் போட்ட பள்ளத்தில் நீர் தேங்கினால், நெல் தரிசில் தெளித்த உளுந்து அங்கே அழுகிவிடும். இதைத் தவிர்க்க:

* அறுவடைக்குச் சுமார் 10 நாள் முன்பே நீரை வடித்துவிடுங்கள்.
* ஈரம் காயாவிட்டால் டயர் வண்டியைத் தவிர்த்து, பெல்ட் டைப் இயந்திரத்தை அமர்த்துங்கள்.
* நெல் தொட்டி நிரம்பி வழியும்வரை காத்திராமல், அவ்வப்போது கொட்டச் சொல்லுங்கள்.
* நெல் ஏற்றும் டிராக்டரை வயலுக்குள் இறக்காமல், மேட்டிலேயே நிறுத்துங்கள்.
* வண்டி திரும்பவும் போய்வரவும் ஒரே தடத்தைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இறுகிய மண்ணை ஈரத்தில் உழுதால் மேலும் இறுகும். காய்ந்தபின் உழுவதே நல்லது. வாடகை வண்டி ஒரு மணி நேரத்தில் போய்விடும். தடம் நம் வயலில்தான் கிடக்கும்.