பாறை தந்த கோட்டைகள்

கோட்டை என்றதும் உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது? உயர்ந்த மதில்கள், ஆழமான அகழி, வாளேந்திய வீரர்கள், இல்லையா? இவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, மதிலில் உள்ள ஒரே ஒரு கல்லை மட்டும் உற்றுப் பார்த்தால் என்ன? அது எங்கிருந்து வந்தது? எப்படி மேலே ஏறியது? ஏன் இப்போது பொடிந்து உதிர்கிறது? வரலாற்றுப் புத்தகத்தில் இல்லாத பல செய்திகளை அந்தக் கல் சொல்லும்.

அதைக் கேட்பதற்கு ஏற்ற இடம் ஒன்று உண்டு. ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பிரான்சு நாட்டு எல்லையை ஒட்டி, ஃபெல்சர்வால்ட் என்னும் பெருங்காடு இருக்கிறது. 'வால்ட்' என்றால் ஜெர்மன் மொழியில் காடு. பீச், ஓக், பைன் மரங்கள் அடர்ந்த குன்றுகள் இங்கே அலையலையாகப் பரந்துள்ளன. மிக உயர்ந்த குன்றான கால்மிட் கூட 673 மீட்டர் உயரந்தான். எல்லைக்கு அப்பால் இதே காடு வடக்கு வோஸ்குக் குன்றுகளாகத் தொடர்கிறது. 1998ஆம் ஆண்டில் இரண்டையும் சேர்த்து ஒரே உயிர்க்கோளக் காப்பகமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

இந்தக் காட்டில் நடந்து செல்ல நெடுந்தூரப் பாதைகள் உள்ளன. வழி தவறாமலிருக்க மரங்களில் வண்ணக் குறிகள் தீட்டியிருக்கிறார்கள். அந்தக் குறிகளைப் பின்பற்றி ஏறினால், மரங்களுக்கு மேலே திடீரென்று ஒரு செந்நிறப் பாறை எழுந்து நிற்கும். அதன் உச்சியில் இடிந்த சுவர் ஒன்று தெரியும். பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். இரண்டும் ஒரே நிறம், ஒரே கல்!

பெயரிலேயே பாறை

இங்குள்ள கோட்டைகளின் பெயர்களைக் கவனியுங்கள். டிரிஃபெல்ஸ், பெர்வார்ட்ஸ்டைன், ஃபிளெக்கன்ஸ்டைன், டான்ஸ்டைன். 'ஃபெல்ஸ்' என்றால் பாறை. 'ஸ்டைன்' என்றால் கல். கோட்டை கட்டியவர்கள் எதை நம்பி இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பெயரிலேயே விளங்குகிறது அல்லவா?

அந்தப் பாறை மணற்கல். ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலப்பகுதி வறண்டு கிடந்தது. ஆறுகள் அடித்து வந்த மணலும் காற்று குவித்த மணலும் அடுக்கடுக்காகப் படிந்தன. மேலே படிந்த அடுக்குகளின் பாரத்தால் அடியிலிருந்த மணல் இறுகிக் கல்லாயிற்று. மணல் துகள்களின் மேல் மெல்லிய இரும்பு ஆக்சைடுப் பூச்சு இருந்தது. துருப்பிடித்த ஆணி ஏன் சிவப்பாக இருக்கிறதோ, அதே காரணத்தால்தான் இந்தக் கல்லும் சிவந்திருக்கிறது.

பின்னர், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்று ரைன் ஆறு பாயும் பள்ளத்தாக்கு உள்ளே இறங்கத் தொடங்கியது. அதன் இரு கரைகளும் மேலே எழுந்தன. எழுந்த நிலத்தை மழையும் ஆறுகளும் அறுத்தன. மென்மையான அடுக்குகள் கரைந்து போயின; கடினமான அடுக்குகள் தூண்களாகவும் சுவர்களாகவும் நின்றன. ஹின்டர்வைடன்டால் என்னும் ஊருக்கு அருகில் 'சாத்தானின் மேசை' என்றொரு பாறை உண்டு. மெலிந்த காலின்மேல் அகன்ற பலகை வைத்ததுபோல 14 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. காலாக நிற்பது மென்மையான அடுக்கு. பலகையாக இருப்பது கடினமான அடுக்கு.

கோட்டைக்கு வேண்டிய உயரத்தையும் செங்குத்தான சரிவையும் இயற்கையே இவ்வாறு தயாராக வைத்திருந்தது.

கல்லில் உள்ள துளைகள்

இடிந்த சுவரின் அருகே செல்வோம். சதுரமாகச் செதுக்கிய கற்கள் பலவற்றின் முகப்பில், நடுவே சிறு குழி ஒன்று தெரிகிறது. இது துப்பாக்கிக் குண்டு பட்ட வடு அல்ல. கல்லைத் தூக்கப் பயன்படுத்திய இரும்புக் கிடுக்கியின் முனை பொருந்துவதற்காக வெட்டிய குழி. கல்லின் முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. கயிற்றை மேலே இழுக்க இழுக்க, கல்லின் எடையே கிடுக்கியின் கைகளை மேலும் இறுக்கும். எடை கூடினால் பிடியும் கூடும்! இத்தகைய குழிகள் கி.பி. 1200ஐ ஒட்டிய காலத்திலிருந்துதான் பரவலாகக் காணப்படுகின்றன. ஆகவே சுவரின் வயதை மதிப்பிட ஆராய்ச்சியாளர்களுக்கு இவை உதவுகின்றன.

பாறையிலும் வரிசையாகச் சதுரத் துளைகள் இருக்கும். அங்கே மர உத்தரங்கள் செருகப்பட்டிருந்தன. மரம் எரிந்தும் மக்கியும் மறைந்துவிட்டது; துளைகள் மட்டும் எஞ்சியுள்ளன. அவற்றை ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அங்கே இருந்த மாடியின் தளம் உங்கள் கண்முன் தோன்றும்.

மணற்கல்லை உளியால் எளிதில் குடையலாம். எனவே படிகளையும் அறைகளையும் பாறைக்குள்ளேயே வெட்டினார்கள். டான் என்னும் ஊருக்கு மேலே ஒரே குன்றின் முகட்டில் ஆல்ட்டான், கிராஃபென்டான், டான்ஸ்டைன் என மூன்று கோட்டைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கே நடந்தால், கட்டிய அறை எது, குடைந்த அறை எது என்று அடிக்கடி நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

கிணறு சொல்லும் கணக்கு

முற்றுகையில் அகப்பட்ட கோட்டைக்கு உணவைவிட முக்கியமானது தண்ணீர். பாறை உச்சியில் தண்ணீருக்கு எங்கே போவது? சில இடங்களில் மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்தார்கள். பெர்வார்ட்ஸ்டைனில் கிணறே வெட்டிவிட்டார்கள். அதன் ஆழம் 104 மீட்டர்!

கிணற்றின் அகலம் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வெட்டி எடுத்த கல் ஏறத்தாழ 327 கன மீட்டர். அதாவது 700 டன்னுக்கு மேல். இவ்வளவையும் உளியும் சுத்தியலும் கொண்டு உடைத்து, கயிற்றில் கட்டி மேலே ஏற்றினார்கள்.

இந்த ஆழத்துக்கு ஒரு பொருள் விழ எவ்வளவு நேரமாகும்? பள்ளியில் படித்த சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 4.6 விநாடி. ஓசை மேலே வர இன்னும் 0.3 விநாடி. ஆக ஏறக்குறைய 5 விநாடி. கணக்கைத் தாளில் போட்டால் போதும்; பழைய கிணறு எதிலும் கல்லைப் போட்டுப் பார்க்க வேண்டாம்!

கோட்டைகள் ஏன் வீழ்ந்தன?

15ஆம் நூற்றாண்டில் பீரங்கி வலுப்பெற்றது. செங்குத்தான பாறை ஏணிகளைத் தடுக்கும்; தொலைவிலிருந்து பாயும் குண்டை எப்படித் தடுக்கும்? 1525இல் கிளர்ந்தெழுந்த உழவர்கள் லின்டெல்புருன் கோட்டையை எரித்தார்கள். 1680இல் பிரெஞ்சுப் படைகள் ஃபிளெக்கன்ஸ்டைன் கோட்டையை அழித்தன. மின்னலும் சும்மா இருக்கவில்லை. 1591இல் பெர்வார்ட்ஸ்டைனும் 1602இல் டிரிஃபெல்ஸும் மின்னல் தாக்கி எரிந்தன. உயர்ந்த தனிப்பாறை பகைவரைக் காண உதவியது. இடியை ஈர்த்ததும் அதே உயரந்தான்.

பிறகு நீரின் வேலை தொடங்கிற்று. மணற்கல்லின் நுண்துளைகளில் மழைநீர் புகுகிறது. குளிர்காலத்தில் அது உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் பெருகுகிறது. கல் விரிசல் விடுகிறது. நீரில் கரைந்த உப்புகள் படிகமாகி மணல் துகள்களைத் தள்ளுகின்றன. பாறை முகப்பு தேன்கூடுபோல் ஆகிறது. விரிசலில் விழுந்த விதை முளைத்து, வேர் ஆப்புப்போல இறங்குகிறது. உளிக்கு இடம் கொடுத்த அதே மென்மை நீருக்கும் இடம் கொடுக்கிறது.

திரும்பக் கட்டலாமா?

அப்படியானால் இடிந்ததையெல்லாம் புதிதாகக் கட்டிவிட்டால் என்ன? டிரிஃபெல்ஸ் இதற்குப் பாடம். 1193இல் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு சிறை வைக்கப்பட்ட புகழ்பெற்ற கோட்டை அது. 1938இல் தொடங்கி அதை மீண்டும் எழுப்பினார்கள். நாஜிகளின் ஆட்சிக்காலம் அது. பழைய கோட்டை எப்படி இருந்தது என்பதைவிட, எப்படி இருந்திருந்தால் பெருமையாக இருக்கும் என்பதே பெரிதாகக் கருதப்பட்டது. இன்று அங்கே நீங்கள் காணும் பெரிய மண்டபம் 20ஆம் நூற்றாண்டின் கற்பனை. உண்மையான சுவரையும் புதிய சுவரையும் பிரித்தறிய நிபுணர்களின் துணை வேண்டும்.

அதனால்தான் இன்று பல இடங்களில் இடிபாட்டை இடிபாடாகவே காக்க முயல்கிறார்கள். அதுவும் எளிதன்று. கெட்டியான சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள் தங்கும். சிமெண்டு நிற்கும், கல் உதிரும். ஈரத்தை வெளிவிடும் சுண்ணாம்புக் காரையே பழைய மணற்கல்லுக்கு உகந்தது.

பார்க்கப் போகிறவர்களுக்கும் பங்கு உண்டு. பாதையை விட்டு விலகாதீர்கள். சுவர்மேல் ஏறாதீர்கள். பெயரைச் செதுக்காதீர்கள். நினைவுக்காக ஒரு சிறு துண்டைக்கூட எடுக்காதீர்கள். கிடுக்கிக் குழி உள்ள கல் ஒன்று போனால், ஒரு சாட்சி போயிற்று. ஃபெல்சர்வால்டில் சில பாறைகளில் வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. குஞ்சு பொரிக்கும் காலத்தில் அவற்றில் ஏறத் தடை உண்டு.

செய்து பாருங்கள்

உலர்ந்த செங்கல் ஒன்றை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் நீரில் ஊறவிடுங்கள். காலையில் ஈரத்தைத் துடைத்து மீண்டும் எடை போடுங்கள். கூடிய எடை முழுவதும் நுண்துளைகளில் புகுந்த நீரே. அடுத்து ஒரு கருங்கல் துண்டைக் கொண்டு இதையே செய்யுங்கள். இரண்டில் எது நீண்டகாலம் மழையில் நிற்கும்? அடுத்த முறை நீங்கள் ஒரு பழைய கோட்டைக்குப் போகும்போது, அது எந்தக் கல்லால் ஆனது என்பதை முதலில் பாருங்கள்.