பிறப்பு விகிதமும் தாய்நலமும்



புதிய கல்வியாண்டு நெருங்கும்போதெல்லாம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் ஒரே பேச்சுத்தான்: முதலாம் ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள்? 150க்கும் குறைவான மாணவர்கள் பயிலும் பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று நம் கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. ஜொகூர் தோட்டப் பள்ளிகள் பலவும் அந்த வகைதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்ததும் இதற்குக் காரணங்கள். இன்னொரு காரணமும் உண்டு. பிறக்கும் குழந்தைகளே குறைந்துவிட்டனர். அதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

ஒரு பெண் தம் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தைகளைப் பெறுகிறார் என்பதைக் கருவள விகிதம் என்பர். தாய் தந்தையரின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்ப, இந்த விகிதம் 2.1 ஆக இருக்க வேண்டும். மலேசியாவில் 1970இல் 4.9 ஆக இருந்தது, 2022இல் 1.6 ஆகக் குறைந்தது. மலேசிய இந்தியரிடையே அதே 2022இல் இது ஒன்றைச் சற்றே தாண்டியிருந்தது.

நம் சமூகம் எண்ணிக்கையில் குறைவது இது முதல் தடவை அன்று. சிங்கப்பூரையும் சேர்த்த அன்றைய மலாயாவில், 1931 கணக்கெடுப்பின்படி இந்தியர் ஏறத்தாழ 6,21,000 பேர். 1947இல் அத்தொகை ஆறு இலட்சத்துக்கும் சற்றுக் குறைந்தது. இதே காலத்தில் மலாயாவின் மொத்த மக்கள்தொகையோ 43 இலட்சத்திலிருந்து 58 இலட்சமாக உயர்ந்தது. காரணங்கள் தெளிவானவை. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்தபோது, தொழிலாளர்கள் பெருந்தொகையாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை விதித்தது. பின்னர் ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை.

லயங்களில் எஞ்சிய பெண்களின் நிலை என்ன? அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. மலேரியாவுக்கு மருந்தில்லை. பசியால் உடல் நலியும்போது கருத்தரிப்பது குறையும். கருச்சிதைவும் எடை குறைந்த பிறப்பும் பெருகும். வறுமையும் நோயுமே அன்று குடும்பத்தின் அளவைத் தீர்மானித்தன.

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1957இல் மலாயாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 75 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். இன்று மலேசியாவில் அத்தொகை 7 அளவில் உள்ளது. கிராமங்கள்தோறும் தாய்சேய் நலக் கிளினிக்குகளும் பயிற்சி பெற்ற தாதியரும் வந்ததன் பயன் இது. 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, அதற்கென வாரியமும் அமைந்தது. பிள்ளைகள் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கை வந்ததும், அளவோடு பெறுவதும் வந்தது. இது நல்ல மாற்றமே. 1980களில் அரசு கொள்கையை மாற்றி, ஏழு கோடி மக்கள் என்ற இலக்கை அறிவித்தது. ஆயினும் விகிதம் தொடர்ந்து இறங்கியே வந்தது. மக்கள் தங்கள் வாழ்க்கை நிலையைப் பார்த்துத்தான் பிள்ளை பெறுகிறார்கள் என்பது இதனால் விளங்கும்.

இன்றைய வாழ்க்கை நிலை எப்படி? முன்பு தாய் பால்மரம் வெட்டச் சென்றால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருந்தது. தோட்டத்தோடு அதுவும் போயிற்று. தாமானில் குழந்தை பராமரிப்புக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். கணவர் விடியுமுன் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இரவில்தான் வீடு திரும்புகிறார். வீட்டுக் கடன், வாகனக் கடன் என்று திருமணம் தள்ளிப்போகிறது. முப்பத்தைந்து வயதுக்குப் பின் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைவதும் சிக்கல்கள் கூடுவதும் இயற்கை. ஒரு பிள்ளையே போதும் என்று மனமொத்து முடிவு செய்வது வேறு. இரண்டாவது வேண்டும் என்ற ஆசையிருந்தும் இயலாமற் போவது வேறு. கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவது நிலையைப் பற்றியே.

ஆகவே, இயன்றவற்றை இப்போதே செய்வோம். மலேசியாவில் கருவுறும் வயதிலுள்ள பெண்களில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ மூவர் இரத்தச்சோகை உள்ளவர்கள் என 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வு கண்டது. முருங்கைக் கீரை, பயறு, மீன், முட்டை ஆகியவற்றை உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொய்யா, நெல்லிக்காய் போன்றவை இரும்புச்சத்து உடலில் சேர உதவும். சோறு உண்டவுடன் தேநீர் பருகினால் அச்சத்து சேராமல் தடைப்படும். கருவுற்றதை அறிந்தவுடன், பன்னிரண்டு வாரங்களுக்குள் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். அங்கே தாயின் நிலைக்கேற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறக்குறி இடுவார்கள். சிவப்பு என்றால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பேற்றுக்குப் பின் பத்தியம் என்று சொல்லிக் காய்கறியையும் பழத்தையும் விலக்கித் தாயை வாட்ட வேண்டாம். ஒரு பேற்றுக்கும் அடுத்த கருவுக்கும் இடையே இரண்டாண்டாவது இடைவெளி இருக்கட்டும்.

பிள்ளைப்பேறு தள்ளிப்போனால் பெண்ணை மட்டும் குறை கூறுவது அறியாமை. காரணம் ஆணிடமும் இருக்கலாம்; இருவரும் சேர்ந்தே பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். வேலை செய்யும் தாய்மார் தம் உரிமையையும் அறிந்திருக்க வேண்டும். 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. ஒரே முதலாளியிடம் ஓராண்டு பணியாற்றிய, மணமான தந்தைக்கும் ஏழு நாள் விடுப்பு உண்டு.

எத்தனை பிள்ளைகள் என்பதை ஒவ்வொரு குடும்பமும்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைக் கடனும் நோயும் எடுக்காதபடி பார்த்துக்கொள்வது குடும்பம், சமூகம், அரசு ஆகிய எல்லோருக்கும் உரிய கடமை. பிறக்கும் பிள்ளைகள் சிலரே ஆனாலும், நலமுள்ள தாயின் மடியில் அவர்கள் வளர வழிசெய்வோம்.